கூரையில் செருகிய கொட்டாங்குச்சி

மோகனூர் குழந்தைவேலுக்குச் சந்தேகப்படக் காரணமே வேண்டாம். தாலி கட்டும்போதுகூட, பெண்ணை மாற்றிவிட்டார்களோ என்று குனிந்து முகம் பார்த்தவர். பால் தண்ணீராக இருந்தால் மாட்டின் மேலேயே சந்தேகப்படுவார். அப்படிப்பட்ட மனுஷர் காதில், 1938 ஆவணியில் ஒரு மத்தியானம், அவருடைய வெற்றிலைக் கொடிக்காலுக்குள் யாரோ புத்தகம் படிக்கும் சத்தம் விழுந்தால் சும்மா இருப்பாரா? வேலியோரம் பதுங்கி நின்றார்.

படித்தவள் பண்ணையாள் சடையனின் பெண்டாட்டி பாப்பாயி. சேரிப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றவள். மற்ற ஆட்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"எசமான் வீட்டு வாசற்படியை நான் மிதிக்கக் கூடாது. மாட்டுக் கொட்டகைக் கூரையில் எனக்கென்று ஒரு சுரைக்குடுக்கை செருகியிருக்கும். எட்ட நின்று அதில் சோளக்கூழ் ஊற்றுவார்கள்" என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

குழந்தைவேலின் மாட்டுக் கொட்டகைக் கூரையிலும் பண்ணையாட்களுக்கென்று ஒரு கொட்டாங்குச்சி செருகியிருந்தது. கொட்டகை அவருடையது, கூழும் அவருடையது. கொட்டாங்குச்சியைச் சுரைக்குடுக்கை என்று மாற்றிவிட்டால் அடையாளம் தெரியாதா? வீட்டு விஷயத்தை அச்சிலேயே ஏற்றிவிட்டார்களே!

வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். "எங்கூட்டப் பத்தி எவன்டி எழுதுனது?"

"அமெரிக்காவுல ஒரு கறுப்பருங்க, சாமி. அடிமைக்குப் பொறந்து, தானாப் படிச்சு, தன் கதையத் தானே எழுதியிருக்காருங்க. இப்பத் தமிழ்ல போட்டிருக்காங்க. அதைப் படிச்சுட்டு அங்கத்த எசமானுங்களே தலை குனிஞ்சாங்களாமுங்க."

"கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கறவனுக்கு எங்கூட்டுக் கூரை எப்படித் தெரியும், நீ சொல்லாம?"

மறுநாள் காலை மாரியம்மன் கோயிலுக்கு வெளியே ஆட்களைக் கூட்டி, பாப்பாயி முன்னால் சூடம் கொளுத்தினார். "ஒண்ணும் சொல்லலைன்னு அடிச்சு அணை. இல்லாட்டி இன்னைக்கே குடிசையக் காலி பண்ணு."

சடையன் பாப்பாயியைப் பார்த்தான். கைக்குழந்தையோடு எங்கே போவது?

பாப்பாயி உள்ளங்கையால் சூடத்தை அணைத்தாள். "சத்தியமா நான் சொல்லலீங்க. ஆனா ஒண்ணு கேக்கோணுமுங்க. அதுல உங்க பேரு இல்ல, நம்மூர் பேரும் இல்ல. கேட்டதும் உங்கூடுன்னு சாமிக்கு ஏனுங்க தோணுச்சு?"

கூட்டம் மொத்தமும் அவரைப் பார்த்தது. அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

அன்று மத்தியானம் கூரையில் கொட்டாங்குச்சி இல்லை. வீட்டுக்குள்ளிருந்து பித்தளை டம்ளரில் கூழை அவரே கொண்டுவந்து பாப்பாயியிடம் நீட்டினார். மனம் திருந்திவிட்டார் என்று அவசரப்பட வேண்டாம். அந்த அமெரிக்கர் அடுத்த புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

பாப்பாயி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போது சந்தேகம் அவளுக்கு.

"குடி," என்றார் குழந்தைவேல். "குடிச்சுட்டு, இதையும் மறக்காம அவனுக்கு எழுதிப்போடு."