கிண்ணத்துக் குழம்பு

செத்தவன் ஒருத்தன் என் வாய்க்குள்ள வந்து குடியிருக்கான்னு நான் நம்புன காலம் ஒண்ணு உண்டு. சிரிக்காதீங்க. காலையில எழுந்து வாயைத் திறந்ததும் அவன் வாடை வந்தா நீங்களும்தான் நம்புவீங்க.

அவன் என் கூட்டாளி. மில்லுல ரெண்டு பேரும் ஒரே ஷிப்டு. மில்லு ஆளைக் குறைச்சப்ப ரெண்டு பேரும் ஒண்ணாவே வெளிய வந்து, தேங்காய்த்திட்டு துறைமுகத்துல மீன்புடி போட்டுக்கு ஐஸ் ஏத்துற வேலைக்குப் போனோம். வெயில் ஏறுறதுக்குள்ள வேலை முடிஞ்சுடும். அப்புறம் நேரா சாராயக்கடை. எங்க ஊர்ல சாராயக்கடையைத் தேடிக்கிட்டுப் போவ வேணாம், அதுவே எதுக்க வந்து நிக்கும். அவனுக்கு ஒரு பழக்கம். சுட்ட பூண்டை மடியில கட்டிக்கிட்டு வருவான். ஒரு வாய் சாராயம், ஒரு பல்லு பூண்டு. "துன்னுடா, வயித்துப்புண்ணு வராது"ன்னு எனக்கும் நீட்டுவான். எனக்குப் பூண்டுன்னாலே ஆவாது. "தூரப் போடா, நாத்தம் புடிச்சவனே"ன்னு தள்ளி உக்காருவேன்.

ஒரு மழை நாள்ல அவன் பெரிய வாய்க்கால்ல குப்புறக் கெடந்தான். தூக்குறப்ப நானும் ஒரு கை புடிச்சேன். அவ்வளவு தண்ணியில ஊறியும் அவன்கிட்ட அந்த வாடை போவல. என் பொண்டாட்டி கரையில நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா. எல்லாப் பொம்பளைங்களும் அழுதாங்க, அவ மட்டும் அழுவல. அவனைப் பார்க்காம என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா.

அவன் காரியம் முடிஞ்சு கொஞ்ச நாள்தான். ஒரு நாள் காலையில டீ குடிக்கிறேன், பூண்டு. டீக்காரன்கிட்ட சண்டைக்குப் போனேன், அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். வீட்டுக்கு வந்து பானைத் தண்ணி மொண்டு குடிச்சேன், அதுலயும் பூண்டு. வெத்தலை போட்டேன், வேப்பங்குச்சியால தேய்ச்சேன், உப்பு போட்டுக் கொப்புளிச்சேன். போனாத்தானே! நாக்குக்கு அடியில யாரோ ஒரு பல்லை ஒளிச்சு வச்ச மாதிரி அப்படியே இருந்துச்சு.

சரி, சாராயத்தால கழுவிடுவோம்னு கடைக்குப் போனேன். உச்சி வெயில். ஒரு கிளாஸ்கூட முழுசா இறங்கல, மூஞ்சி பத்திக்கிச்சு. கழுத்துல நரம்பு திமுதிமுன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, நெஞ்சு மேல யாரோ ஏறிக் குந்திக்கிட்ட மாதிரி பாரம். கடைச் சுவத்துல ஒரு பழைய கண்ணாடி தொங்கும். அதுல பார்த்தேன். செக்கச்செவேல்னு ஒரு மூஞ்சி, கண்ணு ரத்தமா இருக்கு. அது என் மூஞ்சின்னு புரியறதுக்கே கொஞ்ச நேரம் ஆச்சு. பக்கத்துல இருந்தவனுங்க கிளாஸைத் தூக்கிக்கிட்டு எழுந்து போயிட்டானுங்க. எனக்குப் பக்கத்துல அவன் உக்காருற இடம் மட்டும் காலியாவே இருந்துச்சு.

சுவரைப் புடிச்சுக்கிட்டு வீடு வந்து சேர்ந்தேன். என் பொண்டாட்டிக்குப் பெரிய மார்க்கெட்ல பூ யாவாரம். மதியம் வீட்டுக்கு வந்து சாயங்காலத்துக்குச் சரம் கட்டுவா. நான் வாசல்ல விழுந்தேன். அவ கை நிக்கல. கட்டிக்கிட்டு இருந்த சரத்தை முடிச்சுப் போட்டுட்டுத்தான் எழுந்து வந்தா. தண்ணி குடுத்தா, விசிறுனா, எல்லாம் சரிதான். ஆனா அவ மூஞ்சில ஆச்சரியமே இல்ல. அடுப்புல வச்ச பால் பொங்குமா பொங்காதான்னு பார்ப்பாங்களே, அப்படிப் பார்த்தா. அந்த மூஞ்சிதான் எனக்குக் கிலி. பேய்கூட அப்புறம்தான்.

எப்பக் குடிச்சாலும் அதே கதை. நாலு நாள் விட்டுட்டுப் போனாலும் அந்த மூச்சுமுட்டல் அங்க எனக்குன்னே காத்துக்கிட்டு இருக்கும். உடம்பு எளைச்சுப் போச்சு. அவ என்னவோ வழக்கத்துக்கு மேலயே கவனிச்சா. எனக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்துல குழம்பைத் தனியா எடுத்து வைப்பா, ரெண்டு மீன் துண்டு அதிகமா இருக்கும். ஐஸ் ஏத்துற எடத்துல போய்ப் பெருமை அடிச்சுக்குவேன், "என் வீட்டுக்காரி மாதிரி வருமா"ன்னு. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சாப்பிட்ட தட்டுலதான் அவ சாப்பிடுவா. இப்ப தனித் தட்டு எடுத்துக்கிட்டா. ஏண்டின்னு கேட்டேன், வயிறு சரியில்லைன்னா. நானும் விட்டுட்டேன்.

குருசுக்குப்பத்துல மந்திரிக்கிறவர் ஒருத்தர் இருந்தாரு, அவர்கிட்ட போனேன். எலுமிச்சம்பழத்தை என் தலையைச் சுத்தி அறுத்துப் பார்த்தாரு. "உன் கூட்டாளி ஆசை அடங்காம அலையறான். அவனுக்குப் புடிச்சதை வச்சுப் படை. படைச்சதை நீயே குடிச்சு முடிக்கணும். ஒரு சொட்டு மிச்சம் வச்சாலும் போவ மாட்டான்"னாரு. இந்த மாதிரி வைத்தியம் எங்களை விட்டா யாருக்குக் கெடைக்கும்! குடியால வந்த வியாதிக்குக் குடியே மருந்துன்னா எந்தக் குடிகாரன் வேணாம்பான்?

வீட்டுக்குப் பின்னாலயே இலை போட்டேன். ஒரு முழு பாட்டில் சாராயம், சுட்ட பூண்டு, கருவாடு, பீடி. மத்தியானம், காத்தே இல்ல, கொளுத்துன கற்பூரம் ஆடாம அசையாம எரியுது. நான் கிளாஸை எடுத்தப்ப அவ ஓடி வந்து என் மணிக்கட்டைப் புடிச்சா. கை சில்லுன்னு இருந்துச்சு.

"வேணாம்யா. இன்னிக்கு வேணாம். அடுத்த வாரம் குடி, நானே வாங்கியாந்து தரேன்."

கல்யாணம் ஆன நாளா 'குடிக்காத'ன்னு கத்துன வாய் அது. குடின்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. இது என் பொண்டாட்டி பேசல, அவன்தான் இவ வாயால பேசுறான், போவ மனசில்லாமத் தடுக்கறான்னு நெனச்சேன். அவளை உதறித் தள்ளிட்டுக் கடகடன்னு பாட்டிலை முடிச்சேன். கற்பூரம் அணைஞ்சது ஞாபகம் இருக்கு. பெரியாஸ்பத்திரியில கண்ணைத் தொறந்தப்ப வாயில ரப்பர் குழாய், அதைச் சுத்தியும் பூண்டு.

இதயம் நின்னு போவ இருந்துச்சாம். பொழைச்சதே பெரிசுன்னாங்க. அங்கேருந்து குடியை விட வைக்கிற ஒரு இல்லத்துக்கு அனுப்புனாங்க. வெள்ளைக்காரன் காலத்து வீடு, ஒசந்த கூரை, மெதுவாப் பேசுனாலும் நம்ம பேச்சு நமக்கே திரும்பி வரும். கட்டிப் போடுவாங்க, அடிப்பாங்கன்னு கேள்விப்பட்டதால நடுங்கிக்கிட்டேதான் போனேன். ஒரு டாக்டரம்மா எதிர்ல நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க.

"இங்க உங்களை யாரும் அடிக்க மாட்டாங்க, பூட்டி வைக்க மாட்டாங்க. என்ன மருந்து, எதுக்குத் தரோம், அது உடம்பை என்ன பண்ணும்னு கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. வேண்டாம்னு சொல்ற உரிமையும் இருக்கு. அதே மாதிரி, எங்ககிட்ட உண்மையைச் சொல்றது உங்க பொறுப்பு. இங்க மத்தவங்க அழுதது, புலம்புனது எதையும் வெளிய போய்ப் பேசாம இருக்கிறதும் உங்க பொறுப்பு"ன்னாங்க.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆஸ்பத்திரியில நமக்கு உரிமையா? சரி, கேட்டுத்தான் பார்ப்போமேன்னு அவங்க கையில இருந்த வெள்ளை மாத்திரையைக் காட்டி, "இது என்ன பண்ணும்?"னேன்.

"இதை முழுங்கிட்டுக் குடிச்சா மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, மூச்சு முட்டும். உயிருக்கே ஆபத்து. அதனால நீங்க சம்மதிச்சாத்தான் தருவோம்." அப்புறம் சாதாரணமாச் சொன்னாங்க, "சில பேருக்கு வாயில பூண்டு மாதிரி ஒரு ருசி வரும். பயப்படாதீங்க."

நான் எழுந்து நின்னுட்டேன். அந்தக் கூரையிலேருந்து அவங்க சொன்னது இன்னொரு தரம் கேட்டுச்சு. என் கண்ணு முன்னால அந்தக் கிண்ணம் வந்துச்சு. ரெண்டு துண்டு அதிகமா வச்ச கிண்ணம்.

அவளை வரச் சொன்னாங்க. வந்ததும் மறைக்கல. மார்க்கெட்ல பக்கத்துக் கடைக்காரி சொல்லி, எங்கியோ வாங்குன அதே மாத்திரையை இடிச்சுப் பொட்டலமா மடிச்சு வச்சிருந்தாளாம். "தெரியாமக் கலந்து குடுத்தது தப்பும்மா. கொன்னே இருக்கும்"னாங்க டாக்டரம்மா.

"தெரிஞ்சு குடுத்தா இந்த ஆளு துன்னுமா? வாய்க்கால்ல அவனைத் தூக்குனப்பவே அடுத்தது இந்த ஆளுதான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. கேக்குற உரிமை இவருக்கு இருக்குன்றீங்க. தெனம் வாசலைப் பார்த்துக்கிட்டுக் குந்திக்கினு இருக்கேனே, எனக்கு என்னம்மா உரிமை இருக்கு?"

"உங்க பயம் நியாயம்தான். அதை இங்க வந்து சொல்லியிருக்கணும். அவர் சோத்துல போடக் கூடாது"ன்னாங்க. அவ வாயில முந்தானையை வச்சுக்கிட்டு அழுதா. எனக்கும் அழுகை வந்துச்சு, ஆனா அவ பக்கம் திரும்ப முடியல.

மாத்திரைக்கு நானே சம்மதிச்சேன். வீட்டுக்கு வந்தப்புறமும் காலையில அவ பார்க்கறப்ப நானே எடுத்து முழுங்குவேன். வாடை வந்துச்சு. எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சதால பயமில்ல. பயம் வேற எடத்துல இருந்துச்சு. அவ சோறு போட்டு வச்சா என் கை தட்டு வரைக்கும் போவும், வாய்க்கு வராது. டீக்கடையில பன்னைத் துன்னுட்டு வருவேன். நான் தொடாத சோத்துல தண்ணி ஊத்தி வைப்பா. ஒரே வீட்ல ரெண்டு பொணம் வாழ்ந்த மாதிரிதான் வாழ்ந்தோம்.

பொறவு டாக்டரம்மா மாத்திரை போதும்னு நிறுத்துனாங்க. வாயும் சுத்தமாச்சு. மாசக்கணக்குல ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு நாள் உச்சி வெயில்ல பெரிய வாய்க்கால் ஓரமா வரேன், குப்புன்னு பூண்டு. நான் காலையிலேருந்து பச்சைத் தண்ணியைத் தவிர எதையும் தொடல. அந்தத் தண்ணி எங்க வீட்டுப் பானைத் தண்ணி.

ஓட்டமா வீட்டுக்குப் போனேன். அவ சரம் கட்டிக்கிட்டு இருந்தா. "ஏண்டி, தண்ணியில கலந்தியா?"ன்னேன். கேட்டதுமே ஏன்டா கேட்டோம்னு ஆயிடுச்சு. அவ கை நின்னு போச்சு. இந்தத் தரம் அவ மூஞ்சில ஆச்சரியம் இருந்துச்சு.

அவ எழுந்து போனா. பானையிலேருந்து ஒரு சொம்பு மொண்டு மடக் மடக்னு குடிச்சா. என் தட்டை எடுத்துச் சோறு போட்டு, சட்டியோட குழம்பை ஊத்தி, என் எதிர்ல குந்திச் சாப்பிட்டா. பாதியில நிறுத்தி, எச்சில் கையாலயே தட்டை என் பக்கம் தள்ளுனா. "ம்"னா, அவ்வளவுதான்.

நான் சாப்பிட்டேன். அழுதுக்கிட்டே சாப்பிட்டேன். வாயில பூண்டு அப்படியேதான் இருந்துச்சு. அது அவன்தானோ என்னவோ, இருந்துட்டுப் போறான், அவனுக்கு வேற யாரு இருக்கா. இன்னிக்கு வரைக்கும் அவ சாப்பிட்டு மீதி வச்ச தட்டுலதான் நான் சாப்பிடறேன். புருசன் எச்சில் தட்டுல பொண்டாட்டி சாப்பிடறதைத்தான் ஊர்ல பார்த்திருப்பாங்க. எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். எனக்குச் சோறு இறங்குது.