வாரிசுக்கு வந்த கோபம்

என் அண்ணன் மகனுக்கு எங்கள் சொந்தத்தில் வாரிசு என்று பேர். சொத்து கித்து வந்து வைத்த பேர் இல்லை. தன்னிடம் இருக்கிற கோணல் ஒவ்வொன்றுக்கும் செத்துப்போன ஒரு சொந்தக்காரரைக் காட்டுவான், அதனால். கஞ்சத்தனமா, அது தாய்மாமன் கொடுத்தது. விடிந்தும் எழுந்திருக்க மாட்டானா, அது பெரியம்மா உடம்பு. கோபத்தில் கையில் கிடைத்ததை எறிவானா, அது அப்பா. "நான் என்ன பண்றது, ரத்தத்துல இருக்கு" என்பான், யாருடைய மூட்டையையோ பாவம் பார்த்துச் சுமக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

ஒன்றே ஒன்றுதான் அவனுடைய சொந்தச் சம்பாத்தியமாம், தொழில். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை உருவிப் போட்டு, புதுக்கம்பி சுற்றித் தருகிற கடை. சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது. "யாரும் சொல்லித் தரல, எல்லாம் நானா கத்துக்கிட்டது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பான். அவன் அக்கா புருஷன் வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்காரவைத்து, விரலைப் பிடித்துச் சுற்றப் பழக்கினது எனக்குத் தெரியும். அந்த மனுஷன் இன்னும் உயிரோடு இருக்கிறார். அதனால் அவர் பேர் வாயில் வராது.

ஊரார் மோட்டாரையெல்லாம் ஓடவைக்கிறவன் வீட்டில் ஃபேன் ஓடாது. காசு வராத வேலைக்குக் கம்பியை வீணாக்குவானேன் என்று, பார்க்கலாம் பார்க்கலாம் என்றே கோடை போயிற்று. பெண்டாட்டி பொறுத்துப் பார்த்தாள். பிறகு துணி தைத்துச் சேர்த்த காசில் புது ஃபேன் வாங்கி மாட்டிவிட்டாள். கடையிலிருந்து வந்தவன் அது தலைக்கு மேல் சுற்றுவதைப் பார்த்தான். என்னைக் கேட்காமலா என்று கையிலிருந்த ஸ்பேனரை வீசினான். அவள் புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள். அப்போதும் இவன் டாக்டரிடம், எங்கப்பா என்மேல ஏறிட்டார் என்றானாம்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாள் கடைச் சாப்பாடு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, கல்யாணம் கட்டாமல் தனிக்கட்டையாக இருக்கிற என்னைத் தேடி வந்தான். அப்பாவின் கூடப்பிறந்தவள், சாட்சிக்கு இதைவிட யார் வேண்டும்? அப்பா கோபத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் புரிந்துகொள்வாள் என்று பஸ்ஸில் வழியெல்லாம் ஓதிக்கொண்டு வந்தான்.

மகள் வீட்டு முன்னறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தையல் பிரித்த தழும்பு சிவப்பாகத் தெரிந்தது. இவன் ரத்தம், அப்பா, பரம்பரை என்று ஆரம்பித்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"ஸ்பேனர் எறிஞ்சது உங்கப்பா. ஃபேனை ரிப்பேர் பண்ணாதது உங்க தாய்மாமன். சரி, இப்ப என்னைக் கூப்பிட வந்திருக்கறது யாரு?"

உள்ளே மகள் சிரித்துவிட்டாள். இவன் என் முகத்தைப் பார்த்தான்.

நான் எதற்கு மறைக்க? என் அண்ணனுக்கும் கோபம் வரும். வந்தால் வாசலில் போய் உட்கார்ந்து செருப்புகளுக்குப் பாலிஷ் போடுவார். எங்கள் வீட்டில் எல்லார் செருப்பும் பளபளவென்று இருந்ததற்குக் காரணமே அதுதான். ஒரு டம்ளரைக்கூட அவர் எறிந்து நான் பார்த்ததில்லை. மாமனோ, தன் சைக்கிளை விற்று இவனுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கித் தந்தவர். இதைத்தான் சொன்னேன்.

"உனக்கு வயசாயிடுச்சு அத்தை, மறந்துட்ட" என்றான்.

அவள் கடைசித் துணியை மடித்து வைத்தாள். "எறிஞ்சது நான்தான்னு சொல்லுங்க. மன்னிப்புகூட வேண்டாம். அதை மட்டும் சொல்லுங்க, பையை எடுத்துட்டு வரேன்."

இரண்டே வார்த்தை. பொழுது விடிந்தால் நான் நான் என்று அளக்கிற வாய்தான். அந்த ஒரு இடத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல உள்ளே ஆள் இல்லை. வாயைத் திறந்தான், மூடினான், வைத்திருந்த தண்ணீரைக் குடித்தான். அவள் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தான். உறைத்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன். இறங்கப் போகும்போது கேட்கிறான்:

"அத்தை, நம்ம சொந்தத்துல பேச்சு வராத ஆளு யாராவது இருந்தாங்களா? எனக்கு அங்க வார்த்தையே வரல பாரு."

யாருமில்லை என்றேன்.

இப்போது தனியாகத்தான் கிடக்கிறான், அவள் வாங்கி மாட்டின ஃபேனுக்கு அடியில். நான் கண்ணை மூடட்டும், தனிக்கட்டையாக இருக்கிறது அத்தை புத்தி என்று அதையும் என் தலையில் கட்டிவிடுவான்.