குப்புறப் புதைத்தவர்கள்

மாடி வீட்டுச் சுவரில் டீச்சரம்மா ஒட்டியிருந்த அந்தப் போட்டோ இன்னும் கண்ணில் நிற்கிறது. குழிக்குள் ஒரு எலும்புக்கூடு. முகம் மண்ணைப் பார்த்திருக்க, முதுகெலும்பு அரிவாள் மாதிரி வளைந்திருந்தது.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கம்பத்தில் திராட்சைக் கூடை தூக்கி ஆரம்பித்து, சொந்தத் தோட்டம், மாடி வீடு என்று என் கையாலேயே சம்பாதித்தேன். எவன் முன்னாலும் கை கட்டி நின்றதில்லை. குழாய் ரிப்பேர் பார்க்கப் போன அன்று, அந்தப் போட்டோ முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

காலேஜில் பாடம் நடத்த வந்து என் மாடியில் குடியிருந்தவர் டீச்சரம்மா. அதற்கு முன்னால் ஐரோப்பாவில், ஸ்லாவ் என்ற ஜனங்களின் ஆயிரம் வருசத்துப் புதைகுழிகளைத் தோண்டி, யாருக்கு என்ன நோய், எப்படிப் புதைத்தார்கள் என்று எலும்பை வைத்தே ஆராய்ந்தவர்.

“இவரை ஏம்மா குப்புறப் போட்டிருக்காக?”

“எந்திரிச்சு வந்துருவாருன்னு பயந்திருக்கலாம், ஐயா. அது உறுதியாத் தெரியாது. நோய் தெரியும். டிபி முதுகெலும்பை அரிச்சிருக்கு.”

“டிபி நெஞ்சுலல்ல வரும்? யாருகிட்ட கதை விடுறீக?”

“மூணாங்கிளாஸ்ல இதைச் சொல்லித் தரலையாக்கும்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அப்பாவும் அப்படிக் கூன் விழுந்துதான் செத்தார். குலசாமி குத்தம், வம்சத்தைத் தொடரும் என்றார்கள். எரிக்கிற வழக்கத்தை விட்டு, தேவாரம் மலையடிவாரத்தில் குப்புறப் புதைத்தார்கள்; நோய்க்கு வீட்டு வழி தெரியக் கூடாதாம். முதல் பிடி மண் போட்டவன் நான். இப்போது என் கடைசி மகளுக்கு நாலு மாதமாக முதுகு வலி, சாயங்காலமானால் காய்ச்சல், முதுகுத்தண்டில் ஒரு புடைப்பு. ஒரு கொடி வாடினால் அன்றைக்கே ஆள் கூப்பிடுகிறவன், வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று, கிடா வெட்டிவிட்டுச் சும்மா இருந்தேன்.

அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டீச்சரம்மா முகம் மாறிவிட்டது. “நான் டாக்டர் இல்ல. செத்தவுகளத்தான் பாப்பேன். உசுரோட இருக்கவளை இங்கன வச்சுக்கிட்டு என்ன செய்றீக? கிளம்புங்க.”

தேனியில் ஸ்கேன் எடுத்தார்கள். அதே நோய். ஆனால் இதற்கு மாத்திரை இருந்தது. ஒன்றரை வருசம் ஒருவேளை விடாமல் விழுங்கினாள். போதும் என்று டாக்டர் சொன்ன நாளில்தான் எனக்குச் சோறு இறங்கியது.

டீச்சரம்மா ஊரைவிட்டுக் கிளம்பும்போது கேட்டேன்: “அப்பாவைத் திருப்பிப் படுக்க வச்சுரலாமா?”

“அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? குத்தம் எதுவும் இல்லன்னு அங்கன போய்ச் சொல்லிட்டு வாங்க, போதும்.”

மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது, எழ முடியவில்லை. மகள்தான் குனிந்து என்னைத் தூக்கி நிறுத்தினாள்.