சீலாவின் கிற்றார்

தெல்லிப்பழையில் மிஷன் கல்லூரியொன்றின் ஆய்வுகூடத்தில் வேலைசெய்த ஹரோல்டுக்கு, 1958இல் கலியாணத்தோடு ஒரு கிற்றாரும் வந்து சேர்ந்தது. அது மனைவி சீலாவினுடையது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளைப் பாடவைக்க அதைத்தான் வாசிப்பாள். கலியாணத்தன்று கைபிடித்தபோது அவளுடைய இடதுகை விரல் நுனிகள் கம்பிகளை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்தன. "மண்வெட்டி பிடிக்கிற கையோ?" என்று அவன் பகிடி விட்டான். அவள் சிரித்தாள்.

ஐந்து வருடம் கழித்து, ஹரோல்டின் கூட்டாளி மயிலிட்டிக் கனிசியஸ் கப்பல் வேலையிலிருந்து விடுமுறையில் வந்தபோது, அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் பாட்டு இசைத்தட்டுகள் சிலவற்றைக் கொண்டுவந்தான். ஒன்றில் யாரோ கம்பிகளை விரலால் அழுத்தாமல், அவற்றின்மேல் எதையோ வழுக்கிக்கொண்டு போனார். கிற்றார் மனிதரைப் போல அழுதது. ஹரோல்டுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கனிசியஸிடம் வழவழப்பான இரும்புத் துண்டொன்றை வாங்கினான். கம்பிகள் உயர்ந்து நின்றால்தான் இரும்பு இடிபடாமல் வழுக்கும். அதனால் கிற்றாரின் தலைப்பக்கம், கம்பிகளுக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் செருகினான்.

"கொஞ்ச நாளைக்குத்தான், சீலா."

அவள் வாங்கி அழுத்திப் பார்த்தாள். எவ்வளவு அழுத்தியும் கம்பி இறங்கவில்லை; இனி அதில் விரலால் வாசிக்க ஏலாது. "ஓம், நீங்கள் வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள். கோபமென்றால் கத்தியிருப்பாளே என்று ஹரோல்ட் நினைத்தான். ஆண்களுக்கு இப்படி நினைத்துக்கொள்வது வலு வசதி.

அந்தக் கொஞ்ச நாள் பதினொரு வருடமாக நீண்டது. சனிக்கிழமை பின்னேரங்களில் ஹரோல்டின் விறாந்தையில் நாலைந்து பேர் கூடுவார்கள். ஊரில் நிற்கும் நாட்களில் கனிசியஸ் மவுத் ஓகன் ஊதுவான். நேசராஜா வாத்தியார் தன்னுடைய கிற்றாரில் பின்னணி வாசிப்பார். ஹரோல்ட் சீலாவின் கிற்றாரை மடியில் கிடத்தி, இடக்கையால் இரும்பை வழுக்கி, வலக்கையின் வெறும் விரல்களால் மீட்டுவான். விரலில் மாட்டும் பிளாஸ்ரிக் நகங்கள் அவனுக்குச் சரிவராது. தோல் பட்டால்தான் சத்தத்துக்கு உயிர் வரும் என்பான். சீலா தேத்தண்ணி வைத்துவிட்டுக் கதவுநிலையில் சாய்ந்து கேட்பாள். ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகள் கிற்றார் இல்லாமல் கைதட்டிப் பாடப் பழகிவிட்டார்கள்.

1974இல் நேசராஜாவுக்குச் சாம்பியாவில் வேலை கிடைத்தது. "என்ரை கிற்றார் உங்களிட்டை இருக்கட்டும், அண்ணை" என்று தந்துவிட்டுப் போனார். ஹரோல்டுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். இனிச் சீலாவும் வாசிக்கலாம்! அவளுக்குக் காட்டாமல் ஒளித்துவைத்து, அடுத்த சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் கொடுத்தான். தனியே கொடுத்திருக்கலாம். மூளை இருந்தால் அப்படித்தான் செய்திருப்பான்.

"சீலா, இது உமக்கு. இண்டைக்கு நீர்தான் எங்களுக்கு வாசிக்கிறீர்."

சீலாவின் முகம் மலர்ந்தது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். பிள்ளைகளின் பாட்டொன்றைத் தொடங்கினாள். கம்பி 'டக்' என்று செத்த சத்தம் போட்டது. விரலை மாற்றி வைத்தாள். மறுபடியும் அதே சத்தம். முன்பு தாமாகப் போன இடங்களை விரல்கள் இப்போது தடவித் தேடின. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவசரப்படாமல் ஆறுதலாய்ச் செய்யும்" என்றான் ஹரோல்ட். எந்த விரலை எங்கே வைப்பதென்று அவனுக்கும் தெரியாது. இரும்பை மட்டும் வழுக்கத் தெரிந்தவன் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பான்?

"கை மறந்துபோச்சு" என்றாள் சீலா. கிற்றாரைச் சுவரோடு சாத்திவிட்டு விரல்களைப் பார்த்தாள். நுனிகள் சிவந்திருந்தன. காய்ப்பு எப்போதோ போய்விட்டிருந்தது.

"பழகினால் வரும், அக்கா" என்றான் கனிசியஸ்.

"வரும், தம்பி. நீங்கள் வாசியுங்கோவன், தேத்தண்ணி கொண்டுவாறன்."

எழுந்து அவள் பின்னால் போகவேண்டும் போல ஹரோல்டுக்கு இருந்தது. போய் என்ன சொல்வது? பதினொரு வருடத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அதற்குள் கனிசியஸ் ஊதத் தொடங்கிவிட்டான். ஹரோல்ட் சீலாவின் கிற்றாரை மடியில் கிடத்தினான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வாசித்தான்.

முடிந்ததும் கனிசியஸ் கண்ணைத் துடைத்தான். "அண்ணை, இப்பிடி நீங்கள் ஒருநாளும் வாசிக்கேல்லை."

கதவுநிலையில் நின்ற சீலாவும் கைதட்டினாள்.