அடியில் நின்ற கறை

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும், எங்காவது ஐஸ் நொறுங்கும் சத்தம் கேட்டால் ஜெல் அக்காவுக்கு அந்தச் செடி ஆய்வுக்கூடம்தான் ஞாபகம் வரும். ஜன்னலில்லாத சின்ன அறை, மாதிரிகளை வைக்கும் ஐஸ் பெட்டி, மூக்கை அரிக்கும் மருந்து வாடை, கதவில் தொங்கும் அவளுடைய வெள்ளைக் கோட்டு. மாமியார் வீட்டைக்கூட நீ இப்படி நினைத்து உருகியதில்லையே என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். உண்மைதான், உருகியதில்லை. இருபத்தாறு வயதில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவள் அவள்.

அவள் சேர்ந்த வருடம், பூ இன்னும் அடர்ந்த நிறத்தில் பூக்கட்டும் என்று பேராசிரியர் ஊதாப் பூச்செடியில் நிறத்துக்கான மரபணுவைக் கூடுதலாக நுழைத்திருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாய், பாதிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்தன. இதழ்களை அரைத்து, மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, ஜெல் என்கிற கூழ்ப்பலகையில் மின்சாரம் விட்டு ஓட்டி, பிலிமில் படமெடுப்பது அக்காவின் வேலை; ஜெல் அக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஜெல்லில் சின்னத் துண்டுகள்தான் முந்திக்கொண்டு அடிக்கு ஓடும். அவள் எடுத்த படங்களின் அடியில் மெல்லிசாக ஒரு கறை விழுந்தது. கை அழுக்குப் பட்டு ஆர்.என்.ஏ. உடைந்திருக்கிறது, உன் கை சுத்தமில்லை என்றார் பேராசிரியர்.

அக்கா தோல் உரியுமளவு கை கழுவினாள். கறை போகவில்லை. ஒருநாள் பத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: கறை வெள்ளைப் பூக்களுக்கு மட்டுமே இருந்தது. கை அழுக்கென்றால் ஊதாவுக்கும் வரவேண்டாமா? கேள்வி நுனிநாக்குவரை வந்தது. ஆனால் வேலை நிரந்தரமாகுமா என்பது அந்த மாதம்தான் முடிவாகும். வீட்டில் அப்போது அவள் சம்பளம் ஒன்றுதான். விழுங்கிவிட்டாள். மறுநாளிலிருந்து ஜெல்லை அரைமணி நேரம் கூடுதலாக ஓட்டினாள். சின்னத் துண்டுகள் அடிவழியே வெளியேறிக் கரைசலோடு போய்விட்டன. படம் பளிச்சென்று வந்தது. வேலையும் நிரந்தரமானது.

பல வருடம் கழித்து, வேறெங்கோ யாரோ அதே கறையைப் பிடித்துவிட்டார்கள். அது உடைசல் இல்லையாம். மரபணு அனுப்பும் செய்தியைத் தேடிப்பிடித்து அழிக்க வழிகாட்டும் குட்டி ஆர்.என்.ஏ.வாம். பூ வெளுத்துப் போனதும் அதனால்தானாம். பேராசிரியர் கட்டுரையும் கையுமாக அவள் அறைக்கு வந்தார். நம் படங்களில் அது ஏன் திடீரென்று நின்றுபோனது என்று கேட்டார். வெள்ளைப் பூ விஷயம் உட்பட எல்லாவற்றையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா சார்?"

அவர் கட்டுரையை மடித்து மேசைமேல் வைத்தார்.

"கேட்டிருக்க மாட்டேன். மறுபடி போய்க் கை கழுவிட்டு வான்னுதான் சொல்லியிருப்பேன்."

அத்தனை வருடத்தில் அந்த மனுஷர் தன் தப்பென்று ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான். அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.