குரங்கு ஊதிய சங்கு

இன்று காலை சைகோன் மிருகக்காட்சிசாலை மதிலுக்கு எதிரே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். மகன் இங்கே வேலைக்கு வந்திருக்கிறான், அவனைப் பார்க்கும் சாக்கில் நானும் வந்தேன். தகர வடிகட்டியிலிருந்து காபி சொட்டுச் சொட்டாக இறங்கும் அந்த வாசனை மட்டும் மாறவே இல்லை. முகர்ந்ததுமே இதே தெருவில் நாங்கள் இருந்த பழைய வாடகை அறை ஞாபகம் வந்தது, அறையோடு குரங்கும் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அந்த நாளில் இந்தச் சாலையில் சைக்கிள்கள்தான் அதிகம். பின் யுவோங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு நூல் ஆலையில் எனக்கு இரவு ஷிப்ட். கல்யாணமான கையோடு ஜரீனா காரைக்காலிலிருந்து வந்து இறங்கினாள், அந்த வாரமே ரமலான் நோன்பும் பிறந்துவிட்டது. எங்கள் ஊரில் விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரம் முடிந்தால் பள்ளிவாசலில் சங்கு ஊதுவார்கள், சாப்பிடுகிறவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். கடிகாரம் பார்க்கும் பழக்கமே அவளுக்கு இல்லை.

ஒருநாள் லாரி கிடைத்துச் சீக்கிரமே திரும்பிவிட்டேன். வானம் வெளுத்திருந்தது. இவள் சாவகாசமாகச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, இப்பப் போய் சாப்புடுற?"

"சங்கு இன்னும் ஊதலையே மச்சான்."

சொல்லி வாய் மூடவில்லை, மிருகக்காட்சிசாலைப் பக்கமிருந்து நீளமாக, மேலே மேலே ஏறுகிற ஒரு குரல் கிளம்பியது. அவள் பயபக்தியோடு கையைக் கழுவினாள். அது கிப்பன் என்கிற வாலில்லாக் குரங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

அழுதாள். டோங் டு பள்ளிவாசலில் இருந்த காரைக்கால் பெரியவர் ஒருவர், தெரியாமல் நடந்தது குற்றமில்லை, பிறகு ஒரு நோன்பு கூடுதலாக வைத்துக் களாச் செய்துகொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். நோன்பு சமாதானமானது, இவள் ஆகவில்லை. பேச ஒரு ஆள் இல்லாத ஊர், பெருநாள் முடிந்ததும் அனுப்பிவிடுங்கள் என்றாள். டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டு, போகிறவள் குற்றவாளியையாவது பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று பெருநாளன்று கூட்டிப்போனேன்.

கூண்டில் கறுப்பாக ஒன்று, பொன்னிறமாக ஒன்று. இரண்டும் வேறு வேறு சாதிக் குரங்கு என்று எனக்குத் தெரிந்த விலங்கியலை அவிழ்த்துவிட்டேன். கூண்டு கழுவிய அம்மாளிடமும் அதையே அவள் மொழியில் சொன்னேன், சிரித்துவிட்டாள். கறுப்பு புருஷன், பொன்னிறம் பெண்டாட்டியாம். குட்டி பொன்னிறமாகத்தான் பிறக்குமாம், வளர வளரக் கறுத்துவிடுமாம், பெண்ணாக இருந்தால் வயதுக்கு வரும்போது மறுபடி பொன்னிறமாகுமாம். அவள் சொல்லச் சொல்லவே பெண்குரங்கு பாட ஆரம்பித்தது. அது உச்சிக்கு ஏறி முடிக்கும்வரை ஆண் காத்திருந்து, பிறகு பதில் கொடுத்தது.

ஜரீனா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது பேசி முடிச்சதும் இது பதில் சொல்லுது பாருங்க. நீங்க வந்ததும் தூங்கிர்றீங்க."

மறுநாளே பகல் ஷிப்டுக்குக் கெஞ்சி மாறினேன். டிக்கெட்டைப் பற்றி அவள் பிறகு கேட்கவில்லை. சாயங்காலம் நான் படியேறும் சத்தம் கேட்டால் உள்ளிருந்து குரங்கு மாதிரிப் பாடுவாள். அவள் முடித்ததும் நான் பதில் கொடுத்தால்தான் கதவு திறக்கும். பக்கத்து வீட்டார் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

இப்போது அவளுக்கு மூச்சிழுப்பு. விமானம் வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஊரிலேயே இருக்கிறாள். கடையிலிருந்தே அவளுக்குப் போன் போட்டு, குரங்குப் பாட்டு கேட்கட்டுமென்று மதில் பக்கமாகப் பிடித்தேன்.

"ஒண்ணும் கேக்கலையே மச்சான். வண்டிச் சத்தம்தான் வருது."

எனக்கும் அதுதான் கேட்டது. பிறகு அந்தப் பக்கமிருந்து அவளே பாடத் தொடங்கினாள். பழைய மூச்சு இல்லை. பாதி ஏறியதும் இருமல் வந்து நின்றுவிட்டது. முடித்தால்தான் பதில் என்பது எங்கள் வழக்கம். காத்திருந்தேன், மீதி வரவில்லை. காபிக் கடைப் பெண் திரும்பிப் பார்க்கப் பார்க்க நான் பதில் கொடுத்தேன்.