ஜன்னலுக்கு இரண்டு இஞ்சு லூஸ்

எங்கள் மாடிக்குக் கீழே குடியிருக்கும் டயானா, செல்லூரில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவள். டேப் என்ன சொன்னாலும் அதோடு இரண்டு இஞ்சு கூட்டித்தான் துணியை வெட்டுவாள். "பொம்பளை உடம்பு இன்னைக்கு மாதிரியா நாளைக்கு இருக்கும்? மூச்சு விட எடம் வேணும்ல" என்பாள். அவள் வைக்கும் லூஸை நம்பித்தான் நான் ஆறு வருடமாகக் கவலையில்லாமல் பிரியாணி சாப்பிடுகிறேன்.

அவள் கணவர் இம்மானுவேல் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், குழந்தைகள் வார்டில் நர்ஸ். எப்போதும் நைட் டியூட்டி. மூன்று பேர் குத்திப் பார்த்தும் கிடைக்காத நரம்பு இவர் விரலுக்கு முதல் தடவையே கிடைத்துவிடும். வேறு யார் ஊசியோடு வந்தாலும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள், இவரிடம் தானாகக் கையை நீட்டுமாம். அந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் மனிதர் சாப்பாட்டையே மறந்துவிடுவார்.

இப்படி இருக்கையில் எதிர்வீட்டுக்காரர் மொட்டை மாடியில் பளபளவென்று தகரக் கூரை போட்டார். காலை வெயில் அதில் பட்டு, நேராக இவர்கள் படுக்கையறைக்குள் வந்து விழுந்தது. இம்மானுவேல் தூங்குவதே அந்த நேரத்தில்தான். அக்கம்பக்கத்தில் நாள் முழுக்க ஓடும் தறிச் சத்தம் அவரை ஒன்றும் செய்யாது. வெளிச்சம்தான் ஆகாது. பழைய சேலையைக் கட்டிப் பார்த்தார்கள், வெளிச்சம் சல்லடையாக வடிந்தது. அட்டையை வைத்து அடைத்தார்கள், மனிதர் உள்ளே புழுக்கத்தில் அவிந்துபோனார். மூன்று மாதம் தூக்கமில்லை. ஒருநாள் கோரிப்பாளையத்தில் இறங்க வேண்டியவர் பஸ்ஸில் கண்ணசந்து, ஊரையே தாண்டி மேலூர் பஸ் ஸ்டாண்டில் போய் விழித்தார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"தூக்கக் கலக்கத்துல ஒரு பிள்ளைக்குக் கை நடுங்கிருச்சுன்னா என்னால தாங்க முடியாதுக்கா" என்றார் என்னிடம். அதே ஆஸ்பத்திரியில் பகல் வேலையாக பில் கவுன்டரில் ஓர் இடம் இருந்தது. திங்கட்கிழமை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லப்போவதாக அவர் முடிவே செய்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தகரத்தின் மேல் கல்லெறியலாமா என்றிருந்தது.

டயானா கல்லெறியவில்லை. அளவு டேப்பை எடுத்தாள்.

"ஊருக்கே தைக்கிறேன், என் வீட்டு ஜன்னலுக்குத் தைக்க மாட்டேனா?"

நாடாவை இழுத்தால் மடிப்பு மடிப்பாக மேலே ஏறுகிற திரை. செல்போனில் ஒரு வீடியோவை நாலு தடவை பார்த்தாள். முன்பக்கத்துக்குப் பக்கத்துத் தெருத் தறியில் நெய்த கெட்டியான போர்வைத் துணி, பின்னால் இரண்டு அடுக்குக் கறுப்புத் துணி. நடுவில் செருக, சர்ச் திருவிழாத் தோரணத்தில் மிஞ்சிய மூங்கில் குச்சிகள். இழுக்கிற கயிறு? பாவாடை நாடாதான், வேறென்ன. அளவு நோட்டில் வாடிக்கையாளர் பெயர்களுக்கு நடுவே "ஜன்னல்" என்று எழுதி வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச் முடிந்து வந்ததும், திரையின் தலைப்பில் கோத்த மரச்சட்டத்தை ஜன்னல் குழிக்குள் வைத்தோம். போகவில்லை. சாய்த்தோம், திருப்பினோம், திட்டினோம். போகவில்லை. டேப்பை வைத்துப் பார்த்தால் சரியாக இரண்டு இஞ்சு கூடுதல்.

டயானா வாயைப் பொத்திக்கொண்டாள். "இயேசப்பா! ஜன்னலுக்கும் லூஸ் வச்சுட்டேன்!"

இம்மானுவேல் அவளை நிதானமாகப் பார்த்தார். "ஏன் டயானா, ஜன்னல் மாசமா இருக்கா?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று மாதமாகிறது. ஆனால் டயானாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அளவு தப்பிய துணி அவள் வீட்டில் தொங்குவதா? பிரித்துத் தைக்கிறேன் என்று பிளேடைத் தேடினாள்.

"பிரிச்சீன்னா பாரு!" என்று ஒரு சத்தம் போட்டேன். "குழிக்குள்ள போகலைன்னா வெளிய, செவுத்துல அடிப்போம். தூக்குடி அந்தப் பக்கம்."

ஆளுக்கு ஒரு ஸ்டூலில் ஏறி, சட்டத்தை ஜன்னலுக்கு மேலே சுவரோடு வைத்துப் பிடித்தோம். திரை விழுந்தது. அந்த இரண்டு இஞ்சும் ஜன்னல் ஓரங்களை இரண்டு பக்கமும் மூடிக்கொள்ள, அறை கும்மிருட்டானது.

"வெளிச்சம் வருதான்னு படுத்துப் பாக்குறேன்" என்று இம்மானுவேல் ஜன்னலை ஒட்டிய கட்டிலில் சாய்ந்தார்.

"வருதாங்க?" என்றாள் டயானா. பதிலுக்குக் குறட்டை வந்தது.

சுத்தியல் என் இடுப்பில் இருந்தது. அடித்தால் எழுந்துவிடுவார். விடுமுறை நாள், தறிச் சத்தம்கூடத் துணைக்கு இல்லை. சட்டத்தை இறக்கினால் வெளிச்சம் பாயும். நாங்கள் கையைத் தூக்கியபடி நின்றோம். பத்து நிமிடம். அரை மணி. கீழ்வீட்டு ஆம்பளை தூங்கும் அறையில் ஸ்டூல் மேல் நிற்கிறாளே சுஃபியா என்று யாராவது எட்டிப் பார்த்தால் என்ன சொல்வது? நினைக்க நினைக்கச் சிரிப்பு முட்டியது. டயானா முந்தானையைக் கடித்தாள். நான் என் தோளையே கடித்தேன். மாடியில் என் கறிக்குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. போகட்டும் சனியன் என்று விட்டுவிட்டேன்.

"கை வலிக்குதாக்கா? நீங்க போங்க, நான் பிடிச்சுக்கிறேன்" என்று கிசுகிசுத்தாள்.

"வாய மூடுடி. ஒத்தையா எப்பிடிப் பிடிப்ப?"

பிறகு இருட்டுக்குள்ளிருந்து, "இந்தக் குறட்டைக்கு எம்புட்டு நாள் சண்டை போட்டிருக்கேன்க்கா. இப்ப கேக்கக் கேக்க ஆசையா இருக்கு" என்றாள். எனக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. அதைக்கூடச் சத்தமில்லாமல் செய்தேன்.

ஒன்றே கால் மணி நேரம் கழித்து அவர் புரண்டு, செல்போன் விளக்கைப் போட்டார். ஸ்டூல்களின் மேல் இன்னும் சட்டத்தைத் தாங்கியபடி இருந்த நான்கு கைகளைப் பார்த்தார். கேலி ஏதாவது வரும் என்று காத்திருந்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்தபடி ஆஸ்பத்திரி சூப்பிரண்டுக்குப் போன் போட்டார்.

"சார், அந்த பில் கவுன்டர் வேற யாருக்காவது குடுத்துருங்க. நான் பிள்ளைங்ககிட்டயே இருக்கேன்."

டயானா துள்ளிக் குதித்ததில் அவள் பக்கத்துச் சட்டம் நழுவி, திரை, குச்சி, நாடா எல்லாமாக எங்கள் மூன்று பேர் தலையிலும் வந்து விழுந்தது. அத்தனை வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்து முடிக்கவே வெகுநேரமானது. அப்புறம்தான் ஆணி அடித்தோம்.